குச்சி நட்ட இடம்

தீப்பிடிக்கிறதுக்கு முன்னாலேயே பணம் கொடுக்கிற ஆள் உலகத்தில் எங்கேயாவது உண்டா? மூங்கிக்கொம்பைக்கு இந்தச் சேதி வந்தபோது ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வீடு எரிந்து, ஆடு கருகி, மனு எழுதி, தாலுகா ஆபீஸ் படியைத் தேய்த்தாலே வராத பணம், எரிகிறதுக்கு முன்னால் தானாக வந்து குதிக்குமாம். நல்ல கதை. சிரிக்காதவன் நஞ்சன் ஒருத்தன்தான். அவனுக்கு அதில் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் தருகிறவனைப் பார்த்துச் சிரிக்க முடியுமா?

கோயம்புத்தூரில் ஒரு நிதியம். மலையில் இருக்கிற பழங்குடி ஊர்களைக் காட்டுத்தீயிலிருந்து காப்பாற்ற எங்கெங்கிருந்தோ பணம் திரட்டி வைத்திருந்தார்கள். எரிந்தபிறகு கொடுத்து என்ன பிரயோஜனம், எரியாமல் இருக்கக் கொடுப்போம் என்பது அவர்கள் எண்ணம். எண்ணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எந்த ஊருக்கு, எந்த நாளில்? அதைச் சொல்லத்தான் ஒரு கணிப்பு இயந்திரம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்துக் காட்டிலும் சருகுக்குள் முழங்கை நீளத்தில் ஒரு குச்சி நட்டிருக்கும். சருகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அது சொல்லும். அதோடு காற்று, வெயில், வானத்திலிருந்து எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்து அந்த இயந்திரம் மதிப்பெண் போடும். மதிப்பெண் எழுபதைத் தாண்டினால் குச்சிக்குக் காவல் இருக்கிறவன் போன் மஞ்சளிலிருந்து சிவப்பாகும். சிவப்பான ஒரு மணி நேரத்தில் ஊர்ப் பொதுவுக்குப் பணம் வந்துவிடும்.

பணத்தைவிடப் பெரிய சமாச்சாரம் ஒன்று கூடவே வரும். காட்டுக்குள் இறங்கி, தீ தாண்டாதபடி தீக்கோடு வெட்டலாம், விடியற்காலைப் பனியில் சருகை முழங்கால் உயரத்துக்கு மெல்ல எரித்து விடலாம் என்கிற அனுமதி. பாட்டன் பூட்டன் காலத்தில் இந்த மலைக் குறும்பர்கள் யாரையும் கேட்காமல் வருஷா வருஷம் செய்த வேலைதான் அது. நடுவில் குற்றம் என்று ஆகிவிட்டது. இப்போது போன் சிவப்பானால் மட்டும் குற்றம் இல்லை. மஞ்சளாக இருக்கும்போது எவனாவது அரிவாளோடு இறங்கினால் கேஸ்தான். போன வருஷம் இரண்டு பேர் உள்ளே போய் வந்தார்கள்.

அந்த இயந்திரத்துக்கு நிதியம் என்னவோ நல்ல பெயர்தான் வைத்திருந்தது. ஊர்க்காரர்கள் அதைக் கோயமுத்தூர்க்காரன் என்றுதான் சொன்னார்கள். கோயமுத்தூர்க்காரன் என்ன சொல்றான், கோயமுத்தூர்க்காரன் இன்னும் முழிக்கலையா என்று ஏதோ மாமன் மகனைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டார்கள்.

மலைமேல் பன்னிரண்டு ஊர். பன்னிரண்டிலும் குச்சி நட்டவன் நஞ்சன். எங்கே நடவேண்டும், எப்படித் துடைக்க வேண்டும் என்று ஊருக்கு ஓர் ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். அடுத்த மலைத்தோளில் இருக்கும் ஓணிக்கல் ஊருக்கு அப்படி அவன் பிடித்துப் போட்ட ஆள் கரியன்.

கரியன் அவனுக்கு இரட்டை மச்சான். நஞ்சனின் தங்கை மாதியைக் கரியன் கட்டியிருந்தான். கரியனின் தங்கை ரங்கியை நஞ்சன் கட்டியிருந்தான். பெண் கொடுத்துப் பெண் எடுத்தது சும்மா இல்லை, அதில் ஒரு கணக்கு இருக்கிறது. தேன் பாறையில் இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்க வேண்டியவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். அண்ணன் தம்பியைக்கூட அங்கே நம்ப மாட்டார்கள். கயிற்றை விட்டால் தன் தங்கை தாலியறுப்பாள் என்று மச்சான் கை மட்டும்தான் நழுவாதாம். நஞ்சன் இறங்கினால் கரியன் பிடிப்பான், கரியன் இறங்கினால் நஞ்சன் பிடிப்பான். பதினாறு வருஷம் அப்படித்தான் ஓடியது.

இறங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. கயிற்றை இடுப்பில் கட்டும்போது பிடிக்கிறவன் கேட்பான், மனசுல ஏதாச்சும் இருக்குதா என்று. இறங்குகிறவன் பதில் சொல்லிவிட்டு அதையே திருப்பிக் கேட்பான். இரண்டு பக்கமும் ஒண்ணுமில்லை என்று வந்தால்தான் இறங்கலாம். பகையோ மறைப்போ இருந்தால் தேனீக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். தேனீக்குத் தெரிகிறதோ இல்லையோ, தொண்டையில் ஒன்றை வைத்துக்கொண்டு இருநூறு அடி பள்ளத்துக்கு மேலே தொங்க எவனுக்கும் தைரியம் வராது.

முதல் வருஷம் மூங்கிக்கொம்பைக்குச் சிவப்பு வரவே இல்லை. மஞ்சளிலேயே நின்றது. பங்குனியில் தீ வந்து நான்கு வீட்டையும் பலாத்தோப்பையும் தின்றுவிட்டுப் போனது. ஊருக்கு ஆத்திரம் தீர ஆள் வேண்டுமே. பன்னிரண்டு ஊருக்குக் குச்சி நட்டவன் தன் ஊருக்கு ஒரு சல்லிக் காசு கொண்டுவரத் துப்பில்லை என்று தண்ணீர்க் குழாயடியில் அவன் காதுபடவே பேசினார்கள். நஞ்சன் ரோஷக்காரன். அடுத்த தை மாதம் ஒரு மத்தியானம் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தன் ஊர்க் குச்சியைப் பிடுங்கினான். நாற்பது தப்படி தள்ளி, பாறைக்குப் பக்கத்தில், வெயில் நேராக அடிக்கிற இடத்தில் நட்டான். நாற்பது தப்படிதான். பக்கத்து நாட்டுக்கா கொண்டுபோனான்?

மாசியில் போன் சிவப்பானது. பணம் வந்தது. அந்த வாரம் முழுக்க ஊர் திருவிழா மாதிரி இருந்தது. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் கூலி வாங்கிக்கொண்டு தங்கள் காட்டையே சுத்தம் செய்தார்கள். உண்ணிச்செடிப் புதரை வெட்டி, ஊரைச் சுற்றி இரண்டு ஆள் அகலத்துக்குக் கோடு போட்டு, சருகை எரித்தார்கள். குழாயடியில் திட்டிய கிழவரே நஞ்சனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அவன் அதை மெல்லவும் செய்தான். அன்றைக்கு அது கசக்கவில்லை என்பதுதான் பின்னால் அவனை ரொம்ப அறுத்தது.

பங்குனி எட்டாம் தேதி காலையில் கரியன் போன் செய்தான். சருகு அப்பளமாக நொறுங்குகிறது, போன் என்னவோ மஞ்சளிலேயே உட்கார்ந்திருக்கிறது, உங்கள் ஊருக்கு வந்துவிட்டதே, எங்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டான். கோயமுத்தூர்க்காரன் பார்த்துக்கொள்வான், பொறு என்றான் நஞ்சன். கரியன் கொஞ்சம் இழுத்தான்.

“மச்சான், குச்சியக் கொஞ்சம் வெயில் பக்கமா வெச்சுப் பாக்கட்டுமா?”

நஞ்சன் கணக்குப் போட்டான். கரியன் வெள்ளந்தி. நகர்த்தினால் அரைகுறையாக நகர்த்தி மாட்டிக்கொள்வான். அவன் மாட்டினால் பன்னிரண்டு ஊர்க் குச்சியையும் வந்து பார்ப்பார்கள். அப்புறம் தன் குச்சி? அந்த ஒரு நொடியில் அவனுக்கு ஓணிக்கல் ஞாபகத்தில் இல்லை, தங்கை ஞாபகத்தில் இல்லை. தன் தோல்தான் இருந்தது.

“நட்ட எடத்த விட்டு அசைக்காதே மச்சான். அசைச்சா ஊர் பேரே கெட்டுப்போயிரும்” என்றான்.

சரி என்று கரியன் வைத்துவிட்டான்.

பத்தாம் தேதி உச்சிப்பொழுதில் தீ ஓணிக்கல்லுக்குள் வந்தது. ஆள் சாகவில்லை. ஒன்பது வீடும் ஆட்டுப்பட்டியும் போயின. நடக்க முடியாத ஒரு பெரியவர் உள்ளே மாட்டிக்கொண்டு கத்த, கரியன் போய் அந்த வீட்டுத் தகரக் கூரையைப் பிய்த்தான். தீக்குள் பழுத்துக் கிடந்த தகரம். இரண்டு கையாலும் பிடித்து மூன்று தகடு பிய்த்தபிறகுதான் ஆள் வெளியே வந்தார். கரியனின் உள்ளங்கைத் தோல் தகரத்தோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட இரண்டு கையையும் தலையணைமேல் வைத்துக்கொண்டு கரியன் படுத்திருந்தான். நஞ்சனைப் பார்த்ததும், வேலைக்குப் போகாமல் எதற்கு இத்தனை தூரம் வந்தாய் என்று கேட்டான். நஞ்சன் கட்டிலின் இரும்புக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். மாதி வீட்டிலிருந்து கொண்டுவந்த களியை எடுத்து வைத்து, கை நனைத்துவிட்டுப் போ அண்ணா என்றாள். அவனால் முடியவில்லை. சாப்பிட்டுத்தான் வந்தேன் என்றான். சின்ன வயசிலிருந்தே பொய் சொன்னால் அவனுக்கு மூக்கு நுனி வேர்க்கும். மாதி அந்த மூக்கைப் பார்த்தாள். தூக்குப் பாத்திரத்தை மூடிவிட்டாள்.

அதிலிருந்து நஞ்சனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் ரங்கி அண்ணனின் கையை நினைத்து அழுவாள். நஞ்சன் ஆறுதல் சொல்ல வேண்டும். சொல்லவும் செய்தான். அவள் தலையைத் தடவிக்கொண்டே, சுத்தம் செய்து பத்திரமாக நிற்கிற தன் காட்டை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பான். அடச்சீ, இவனும் ஒரு மனுஷன் என்று அவனுக்கே தன்மேல் காறித்துப்பத் தோன்றும்.

சித்திரையில் நிதியத்திலிருந்து அழைத்தார்கள். ஓணிக்கல்லில் பாதி உருகிப் பிழைத்த குச்சியைக் கொண்டுவரச் சொன்னார்கள். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓட்டுநர் இல்லாத மலைபஸ்ஸில் ஏறினான். அந்த பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று சொல்லிக்கொண்டே இறங்கும். இயந்திரத்துக்கு இருக்கிற வாய் தனக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டான்.

குச்சியை வாங்கியவள் சுகந்தி. மலைப்பகுதிக்கு அவள்தான் பொறியாளர். முப்பது வயதிருக்கும், தூக்கம் கெட்ட கண். குச்சியைக் கணினியோடு இணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். இந்த மலையிலேயே ஒழுங்காக இருந்த குச்சி இது ஒன்றுதான் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்.

நஞ்சனுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுகொண்டு, தன் ஊர்க் குச்சியைத் தை மாதம் நகர்த்தியதைச் சொன்னான். அவள் திட்டுவாள், போலீஸைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

“தெரியும் அண்ணா. ஜனவரி இருபத்தேழு, மத்தியானம். ஒரே இடத்துல கிடக்கிற சருகு ரெண்டு மணி நேரத்துல அவ்வளவு காயாது.”

“தெரிஞ்சுமா பணம் அனுப்பினீங்க?”

“உங்க குச்சி மட்டும் இல்ல. பன்னிரண்டுல பதினொண்ணு நகர்ந்திருக்கு. எல்லாருக்கும் சிவப்பு கொடுத்தா இருக்கிற பணம் அஞ்சு ஊரோட தீர்ந்துடும். யார் நகர்த்தினாங்கன்னு பேர் எழுதவும் மேல விடல. பழங்குடி ஊரைப் பொய் ஊர்னு எழுதினா நாளைக்கு அது அந்த ஜனங்க தலையிலேயே விடியும்னு சொன்னாங்க. அதுவும் நியாயம்தானே? அதனால யாரையும் குத்தம் சொல்லாம ஒரு வழி பண்ணினோம். இந்த மலைக்காரங்க சராசரியாப் பதினாலு கூட்டிச் சொல்றாங்கன்னு மெஷின் கத்துக்கிச்சு. பன்னிரண்டு ஊருக்கும் பொதுவாப் பதினாலு கழிச்சுது.”

நஞ்சன் மெதுவாகக் கேட்டான். “எங்க ஊர் எவ்வளவுங்க இருந்துச்சு?”

“எண்பத்தஞ்சு. கழிச்சா எழுபத்தொண்ணு. சிவப்பு.”

“ஓணிக்கல்?”

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“எழுபத்தெட்டு. அது நிஜமான எழுபத்தெட்டு அண்ணா. கழிச்சதுல அறுபத்தி நாலு ஆயிடுச்சு. நகர்த்தாத ஒரே ஆள் உங்க மச்சான்தான். அந்தக் கழிவுக்குக் கையெழுத்துப் போட்டது நான்.”

 தான் ஒரு பொய் சொன்னோம், ஊருக்காகச் சொன்னோம், யார் சோற்றிலும் மண் போடவில்லை என்று நஞ்சன் இத்தனை நாள் ஒரு மூலையில் சமாதானம் வைத்திருந்தான். அந்த மூலையும் போயிற்று. அவனுடைய பொய்க்கு உண்டான தண்டனையைத் தூக்கி ஒரு நேர்மையானவன் தலையில் வைத்திருக்கிறார்கள். அவனை நேர்மையாக இரு என்று போனில் சொன்னவன் யார்?

நாளைக்கே குச்சியைப் பழைய இடத்தில் நட்டுவிடுகிறேன் என்றான். சுகந்தி தலையசைத்தாள். நட்டால் அதிலும் பதினாலு கழியும், மூங்கிக்கொம்பைக்கு இனிமேல் எந்த வருஷமும் சிவப்பு வராது என்றாள்.

“அப்ப நேரா இருக்கிறவன் என்னதாங்க பண்றது?”

“அதுக்கு நாங்க இன்னும் ஒண்ணும் எழுதலை” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நகர்த்தியவர்களில் ஓர் ஆளாவது தன் வாயால் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால், அதை வைத்துப் பொதுக் கழிவை எடுத்துவிட்டு ஊர் ஊராகப் பார்க்கச் சொல்லித் தான் மேலே போராடிப் பார்க்கலாம் என்றாள். எழுதிக் கொடுத்தவரின் ஊருக்கு இரண்டு வருஷமாவது பணம் நிற்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

நஞ்சன் அவள் நீட்டிய வெற்றுக் காகிதத்தைப் பார்த்தான். குழாயடியில் வெற்றிலை மடித்துக் கொடுத்த கிழவர் ஞாபகம் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டான். ஆமாம், அன்றைக்கும் பயந்துதான் வந்தான்.

வைகாசி பிறந்ததும் கரியனிடமிருந்து ஆள் வந்தது. தேன் எடுக்கப் போக வேண்டும், ஓணிக்கல்லில் ஒன்பது குடும்பம் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது, பாறையில் இருக்கிற கூடுதான் இப்போதைக்குக் கையில் இருக்கிற ஒரே பொருள். தன்னால் இறங்க முடியாது, நஞ்சன் இறங்கட்டும், தான் பிடிக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அந்தக் கையை வைத்துக்கொண்டா என்று ரங்கி பதறினாள். நஞ்சன் அதற்குப் பதறவில்லை. அவனுடைய பயமெல்லாம் கயிறு கட்டும்போது கேட்கிற அந்தக் கேள்விமேல் இருந்தது.

விடிகிற நேரத்தில் பாறை உச்சிக்குப் போனான். கரியன் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். கூட மாதியும் வந்திருந்தாள். பொம்பளைகள் பாறைக்கு வருகிற வழக்கம் இல்லை. கரியனுக்கு விரல் மடங்காது, அவன் முழங்கையில் சுற்றிக்கொள்வான், பின்னால் ஓர் ஆள் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பியைத்தான் பாறையில் நம்ப மாட்டார்கள், மாதி தங்கை. அவளைவிட வேறு யாரை நம்புவது?

கரியனின் உள்ளங்கையை நஞ்சன் அன்றைக்குத்தான் கட்டில்லாமல் பார்த்தான். இளஞ்சிவப்பாக, ரேகை ஒன்றும் இல்லாமல் இருந்தது. அந்தக் கையோடு கரியன் கொடிக்கயிற்றை வேங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையை நஞ்சனின் இடுப்பில் போட்டு, பல்லாலும் மணிக்கட்டாலும் முடிச்சை இறுக்கினான். கீழே பாறை இடுக்கில் தேனீ இரைகிற சத்தம் கேட்டது.

“மனசுல ஏதாச்சும் இருக்குதா மச்சான்?” என்று கேட்டான் கரியன்.

ஒண்ணுமில்லை என்கிற வார்த்தை நஞ்சனின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பதினாறு வருஷமாகப் பழகிய வார்த்தை, யோசிக்காமலே வந்துவிடும். மூக்கு நுனி வேர்த்தது. மாதி தன்னைப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

“இருக்குது” என்றான்.

சொன்னான். தை மாதம் நாற்பது தப்படி நகர்த்தியதைச் சொன்னான். எழுபத்தெட்டு அறுபத்து நான்கு ஆன கதையை, சுகந்தி சொன்னபடியே சொன்னான். கரியன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. 

“நீ போன்ல கேட்டியே, வெயில் பக்கமா வெக்கட்டுமான்னு. நான் ஊர் பேருக்குப் பயந்து வேண்டாங்கல மச்சான். நீ மாட்டுனா நானும் மாட்டுவேன்னு பயந்துதான் சொன்னேன்.”

 பேசியது மாதி. கயிறு பிடிக்க வந்தவள், அதனால் அந்தக் கேள்வி அவளையும் சேர்ந்ததுதான் என்று நினைத்தாளோ என்னவோ.

“நான் பொங்கல் கழிச்சு அம்மா வீட்டுக்கு வந்தேன்ல, அப்பவே பாத்துட்டேண்ணா உன் குச்சி பாறைக்கிட்ட நிக்கிறத. வெளிய சொன்னா உன் வேலை போயிரும்னு வாயை மூடிக்கிட்டேன். இவரு உனக்குப் போன் பண்ணுன அன்னிக்கு மத்தியானம் நானே எங்க குச்சியப் பிடுங்கிக் கொண்டுபோய் வெயில்ல வெச்சேன். அது அடுத்த கணக்கு அனுப்புறதுக்குள்ள இவரு வந்து பாத்துட்டு அப்படியே திருப்பி நட்டுட்டாரு. உங்கண்ணன் சொன்ன எடம் இதுதான், அவன் பிடிச்ச கயிறு என்னிக்கும் நழுவுனதில்லன்னாரு.”

நஞ்சன் அப்படியே பாறைமேல் உட்கார்ந்தான். பள்ளம் மூன்றடி தூரத்தில் இருந்தது. இடுப்புக் கயிறு கரியனின் முழங்கையில் சுற்றியிருந்தது.  வழக்கம் ஒன்று பாக்கி இருந்தது, திருப்பிக் கேட்க வேண்டும்.  நஞ்சன் கேட்டான்.

“உன் மனசுல ஏதாச்சும் இருக்குதா மச்சான்?”

கரியன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். திருப்பிப் பின்கையைப் பார்த்தான். கீழே ஒன்பது குடும்பத்துக்குத் தேவையான தேன் தொங்கிக்கொண்டிருந்தது. ஒண்ணுமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும். எவனாக இருந்தாலும் சொல்லியிருப்பான்.

“இருக்குது” என்றான் கரியன்.

சொல்லிவிட்டு எழுந்து வந்து, பல்லால் இறுக்கிய முடிச்சைப் பல்லாலேயே அவிழ்த்தான். மனசில் இருக்கும்போது இறக்கக்கூடாது, நாளைக்கு வந்து கேள் என்றான். குரலில் கோபம் இல்லை. கயிற்றை முழங்கையில் சுருட்டிக்கொண்டு நடந்தான். மாதி அண்ணனைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்றாள், பிறகு அவளும் போய்விட்டாள்.

நஞ்சன் அங்கிருந்து நேராக ஊர்க் காட்டுக்குப் போய், வெயில் பாறைக்குப் பக்கத்தில் நின்ற தன் ஊர்க் குச்சியைப் பிடுங்கினான். நாற்பது தப்படி எண்ணி நடந்து பழைய குழியிலேயே நட்டான். சுகந்திக்குப் போன் போட்டு, எழுதுங்கள் மேடம், என் பேரைப் போட்டே எழுதுங்கள் என்றான். அவள் இன்னொரு முறை யோசிக்கச் சொன்னாள். யோசித்ததெல்லாம் போதும் என்றான். சாயங்காலம் ஊரைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னான். ஊர் கொதித்துப்போயிற்று. எங்களுக்கு வந்துகொண்டிருந்ததையும் கெடுத்தாயே, எங்கள் பிள்ளைகள் எரிந்தால் நீ வந்து அணைப்பாயா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பொன்றும் இல்லை.  ரங்கி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் பாறைக்குப் போனான். கரியன் கயிற்றோடு உட்கார்ந்திருந்தான். முறைப்படி இடுப்பில் கட்டினான், கேட்டான். நஞ்சன் இப்போது ஒண்ணுமில்லை என்றான், அது நிஜமாகவே ஒண்ணுமில்லாமல் இருந்தது. அவன் திருப்பிக் கேட்டதற்குக் கரியன், இருக்குது என்றான். முடிச்சை அவிழ்த்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இறங்கிப் போனார்கள்.

மூன்றாம் நாளும் இருக்குது. நான்காம் நாளும் இருக்குது. தேன் கட்டி முற்றிக்கொண்டிருந்தது, இன்னும் பத்து நாள் போனால் தேனீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடும். பொய்க்காவது சொல்லித் தொலையேன் என்று ஓணிக்கல்காரர்களே கரியனைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவன் கேட்கிற ஜாதியா?

ஐந்தாம் நாள் நஞ்சன் கிளம்பும்போது ரங்கி வாசல்வரைக்கும் வந்தாள். ஐந்து நாளில் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்து, ஒரு சின்ன பாட்டிலை நீட்டினாள். மஞ்சள் போட்டுக் காய்ச்சிய விளக்கெண்ணெய், அண்ணன் கைக்கு என்றாள். அவன் அதை மடியில் கட்டிக்கொண்டு போனான். பாறை உச்சியில் கரியன் இரண்டு கையையும் நீட்ட, நஞ்சன் அந்த ரேகையில்லாத உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்துவிட்டான். தோல் புதுசாக இருந்ததால் ரொம்ப அழுத்தாமல் தேய்த்தான். மாதி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணெய் காய்ந்ததும் கயிற்றைக் கட்டினார்கள். கரியன் கேட்டான், நஞ்சன் பதில் சொன்னான். பிறகு நஞ்சன் கேட்டான்.

 சருகை அள்ளி நொறுக்கிப் பார்த்துக் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்கிற ஆள் மாதிரி, உள்ளே கைவிட்டுப் பார்ப்பது போல, கரியன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தான்.

“இருக்குது” என்றான். “நேத்து இருந்த அளவு இல்ல.”

முடிச்சை அவிழ்த்தான். நாளைக்கு வா மச்சான் என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.